தண்ட வரிசை

சின்ன முதலாளி திராட்சைத் தோட்டத்து வேலியோரம் நின்று, "இந்த வரிசைய நட்டது யாரு?" என்று கேட்டபோது, இளையவளின் கையிலிருந்த கவாத்துக் கத்தரி பாதிக் கிளையில் நின்றுபோனது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், நடவு நாளில், இரண்டு ரகக் கட்டுகளை மாற்றி எடுத்து வந்தவள் அவள்தான். இலை விடாத குச்சிகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாம் வருடம் காய்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மற்ற வரிசைகள் கறுத்து இனித்தபோது இது மட்டும் விறைப்பாகப் புளித்தது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. கணவனுக்கு வேலை இல்லை. மேஸ்திரியாக இருந்த அவளுடைய மூத்த ஓரகத்தி, யாரும் விசாரிப்பதற்குள் முந்திக்கொண்டு, "நான்தாங்க மாத்தி வெச்சுட்டேன்" என்றாள். மேஸ்திரி வேலை அன்றோடு போயிற்று. மறுநாள் கூலியாளாக, மற்றவர்களோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளையவளின் வேலை நிலைத்தது. அந்தக் கூலியில்தான் பிள்ளை வளர்ந்தான். அதற்கு நன்றி சொல்ல இத்தனை வருடங்களில் ஒரு வார்த்தை வாய்க்கவில்லை. வேலியோர வரிசைக்குத் தண்ட வரிசை என்று பேர் வைத்து, பழத்தைப் பறவைகளுக்கு விட்டுவிட்டார்கள்.

ஆனால் இப்போதெல்லாம் வெயில் முந்திக்கொண்டு வருகிறது. கொண்டாடிய ரகத்தில் இனிப்பு ஏறி, புளிப்புச் செத்து, ஒயின் பாகு மாதிரி இருக்கிறதென்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

"போன வருஷம் தேறுனது இந்தப் புளிப்புப் பழத்தைக் கலந்த தொட்டி ஒண்ணுதான்," என்றார் சின்ன முதலாளி. "மேட்டு நிலம் முழுக்க இதையே ஒட்டுக் கட்டப் போறோம். நட்டது யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

பக்கத்துக் கொடியில் குனிந்திருந்த மூத்தவள் நிமிர்ந்தாள். "அது நான் இல்லீங்க, இவதான்..."

இளையவள் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "அக்காதாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதுக்குத்தான உங்கப்பா மேஸ்திரி வேலையிலேருந்து எறக்குனாரு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப ஒட்டு வேலைக்கு நீங்களே மேஸ்திரியா இருங்கம்மா. ஆளையும் நீங்களே பொறுக்குங்க."

அவர் போன பிறகு மூத்தவள் திரும்பினாள். "எதுக்குடி பொய் சொன்ன?"

"அன்னிக்கு ஏச்சு வாங்கினப்போ என்னைக் கேட்டா வாங்குனீங்க? இதையும் நீங்களே வாங்கிக்குங்க."

"இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தியா, கள்ளி?" மூத்தவள் முகத்தைத் தலைத்துணியால் துடைத்துக்கொண்டாள். "முதல் ஆளா உன்னத்தான் போடுவேன். ஆனா குச்சிக் கட்ட மட்டும் நீ தொடக் கூடாது."

ஒட்டு வேலை தொடங்கிய நாளில், ஈரச் சாக்கில் சுற்றிய முதல் குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்தவள் மேட்டில் ஏறினாள். சாக்கிலிருந்து சொட்டிய நீர் அவள் முதுகை நனைத்து, புழுதியில் புள்ளி புள்ளியாக அவள் போகும் வழியைக் காட்டிக்கொண்டே போனது.