பேட்டரியை வெளியே விட்டவன்

விடியும்போதே நிறைமாதமாயிருந்த புருல்சாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கணவாய்ப் பனியில் மாட்டிக்கொண்டதாம். மிச்சமிருப்பது அவள் புருஷன் கெரிம்பையின் பழைய கார் ஒன்றுதான். அதுவோ சாவியைத் திருகினால் மூச்சே விடவில்லை.

எல்லாம் உறையும் ஜனவரியில், நாரின் என்ற அந்த மலையூரில் புத்தியுள்ள எவனும் ராத்திரி பேட்டரியைக் காரில் விடமாட்டான். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் பூட்ஸையே கழற்றுவான். நேற்றுப் பார்த்து கெரிம்பைக்குச் சோம்பல், மடையன்! இப்போது தூக்கி வந்தால் பேட்டரி உறைந்து, பக்கவாட்டில் வயிறு புடைத்துக் கிடந்தது.

உறைந்த பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. உள்ளே பனி உருகணும், அப்புறம் காற்றோட்டமான இடத்தில் மெதுவாக ஏற்றணும். அவனுக்கா தெரியாது? ஆனால் அவள் முனகல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சமையலறைத் தரையில் வைத்தான், கிளிப்பை மாட்டினான், சார்ஜரை முழுசாகத் திருகிவிட்டான்.

"பேட்டரி நேத்து உள்ளதானே இருந்துச்சு?" புருல்சா உள்ளறையிலிருந்து கேட்டாள்.

"பின்னே? கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

பேட்டரி புஸ்ஸென்று சீறத் தொடங்கியது. நெடியில் தொண்டை கமறியது. குளிருக்குப் பயந்து ஜன்னலிடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியாகிவிட்டது, தீப்பொறி பட்டால் வெடிக்கும் அந்த வாயு வெளியே போக வழியேயில்லை. நிறுத்தலாமா? நிறுத்தினால் எப்படிப் போவது?

புருல்சா சுவரைப் பிடித்தபடி வந்தாள். "ஒரு வாய் டீ குடிச்சா தேவலை." தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனாள்.

"ஐயோ, பத்த வைக்காதே! வெடிச்சிரும்!"

குச்சி அவள் கையிலிருந்து நழுவியது. அவளைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்தான். சார்ஜர் ஒயரை நீட்டி அங்கேதான் செருகியிருந்தான், நல்லவேளை. சமையலறையில் பொறி தட்டாமல் முதலில் அதைப் பிடுங்கினான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தான்.

"வெளியிலயே விட்டுட்டேன், புருல்சா. உறைஞ்சு போச்சு. பொய் சொன்னேன்."

நெடி அடங்கியதும் போய்ப் பார்த்தான். பேட்டரி விரிசல் விட்டு, அமிலம் தரையில் கசிந்துகொண்டிருந்தது. இனி அது குப்பைதான்.

எதிர்வீட்டு ஜம்பியின் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தவர் அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வெளியில விட்டியா? ஜனவரியிலயா? நீ ஆம்பளையா ஆட்டுக்குட்டியாடா?"

"திட்டுறதை அப்புறம் திட்டுங்கண்ணே, அவளுக்கு வலி எடுத்திருச்சு!"

ஜம்பியின் கார் இன்ஜின் பிரித்துப் போட்டபடி மெக்கானிக்கிடம் கிடந்தது. ஆனால் பேட்டரி வீட்டுக் கூடத்தில், கம்பளிக் கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. அப்படியே தூக்கி வந்து அவரே மாட்டிக் கொடுத்தார். கார் ஒரே திருகலில் கிளம்பியது.

ஆஸ்பத்திரிச் சாலையில் புருல்சா பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "எதிர்வீட்டுலயே பேட்டரி இருந்துச்சே, விடிஞ்சதுமே போய்க் கேட்டிருக்கலாமே?"

"ஊரே சிரிக்கும்னு வெட்கமா இருந்துச்சு."

அடுத்த வலி வந்து அடங்கியது. பிறகு, "நானும் வயித்துல இருக்கிறதும் செத்திருந்தா, அப்ப சிரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே சேர்த்த கையோடு கெரிம்பை ஓடிவந்து, ஜம்பியின் பேட்டரியைக் கழற்றி உள்ளே தூக்கிப் போனான்.