நீலக் கோட்டின் மேல் பன்னிரண்டு பேர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வழி தெரியாமல் தவித்துவந்த மனித குலத்துக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு, குன்றின் அடிவாரத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்தில், நாற்பத்தொன்பது வயதான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரின் இடது மணிக்கட்டில் பிறந்தது. பிறந்தவுடன் 'பீப்' என்று ஒரு சத்தமும் போட்டது.

கடைக்காரரை ஓட்டக் குழுவில் கேப்டன் என்பார்கள். பட்டம் யாரும் கொடுத்ததல்ல. குழுவின் வாட்ஸப்பில் அவரே ஒருநாள் தன் பெயரை அப்படி மாற்றிக்கொண்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு முன் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கும்வரை பூங்காவை மூன்று சுற்று சுற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்தான். வாட்ச் வந்தபிறகு நடையே மாறிவிட்டது. கடையில் வாடிக்கையாளர் எழுத்துப் பலகையின் கடைசி வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, வானத்தில் இருபத்திரண்டு செயற்கைக்கோள்கள் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கும் செய்தியை அவர் காதில் போடுவார்.

ஞாயிறுதான் அந்தக் கடைக்குக் கூட்டம் அம்மும் நாள். ஆறு மாதமாக அந்தக் கூட்டத்தை அவருடைய மனைவி தனி ஆளாகச் சமாளித்துவந்தாள். பிள்ளைகள் ஃப்ரேமை வளைப்பார்கள், பெரியவர்கள் இருபது ஃப்ரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் போட்டதையே கேட்பார்கள். அவள் முணுமுணுத்தபோதெல்லாம் கேப்டனிடம் ஒரே பதில்தான் இருந்தது: தான் போகாவிட்டால் குழுவில் இருக்கும் ஒன்பது பேரும் குன்றில் தொலைந்துபோவார்கள். உயிர்ப் பிரச்சினை. அதற்குமுன் மூக்குக்கண்ணாடி எம்மாத்திரம்?

அந்த ஞாயிறு தெருவில் நாள் முழுக்க மின்சாரம் கிடையாது என்று கடையை மூட வேண்டியதாயிற்று. மனைவி பழைய கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்துத் தூசி தட்டினாள்.

"நானும் வரேன். நீங்க இல்லன்னா அந்த ஒன்பது பேரும் காணாமப் போயிடுவாங்கன்னு என் கண்ணால பார்த்துட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமையைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க கவுண்ட்டர்ல, நான் வீட்டுல."

கேப்டன் தாராளமாகச் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் யோசித்தார். காரணம் இருந்தது. அன்றைக்கு ஓடவேண்டியது குன்றைத் தாண்டிப் போகும் புதுப் பாதை. புதன்கிழமை அதை அவர் போய்ப் பார்த்துவந்திருக்க வேண்டும். முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆகவே, கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மச்சினனை, மனைவியின் தம்பியை, கூப்பிட்டு அவன் கையில் வாட்சைக் கட்டி, மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கி வரச் சொல்லி அனுப்பினார். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். மச்சினன் சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். கேப்டனும் வியாழக்கிழமை குழுவில், உயிரைப் பணயம் வைத்துத் தன்னந்தனியாகப் பாதையை ஆராய்ந்து திரும்பியிருப்பதாகவும், அங்குள்ள ஒவ்வொரு கல்லும் இனி தனக்குச் சொந்தக்காரன் மாதிரி என்றும் எழுதினார். ஒன்பது பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அந்த வாட்ச், கட்டியிருப்பவர் போன இடத்தையெல்லாம் நீலக் கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். பிறகு வருகிறவர் கோட்டின்மேலேயே போனால் போதும், விலகினால் கத்தும். அவர் அங்கே எதற்காகப் போனார் என்பதை மட்டும் அது வரைந்து வைப்பதில்லை.

ஓட்டம் தொடங்குமுன் கேப்டன் இரண்டு விதிகளை அறிவித்தார். தலைவரை யாரும் முந்தக் கூடாது. தலைவர் வாட்சைப் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. அவர் வாட்சைப் பார்த்தபடியேதான் ஓடினார் என்பதால் இரண்டாவது விதி மௌன விரதமாக முடிந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் வாசிப்புக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் அவர், தானொன்று போட்டுக்கொள்வதில்லை. கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்தால்தான் கோடு தெரிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அவர் யாருக்கோ ஆசி வழங்கிக்கொண்டே ஓடுவதுபோல இருந்தது.

கால் மணி நேரத்தில் யானை அளவு பாறை ஒன்று வந்தது. கோடு அதை நான்கு முறை சுற்றியிருந்தது. கேப்டனும் சுற்றினார். மூன்றாவது சுற்றில், பேங்க்கில் கேஷியராக இருக்கும் அம்மா மூச்சுவாங்கியபடி விதியை மீறிக் காரணம் கேட்டார். மலை ஏறுமுன் உடம்பை மலைக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேப்டன் விளக்கினார். ஓய்வுபெற்ற ட்ரில் மாஸ்டர் பழக்க தோஷத்தில் சுற்றுகளை உரக்க எண்ணினார். கடை மூடியதால் அக்காவோடு வந்திருந்த மச்சினனும் வாய் திறக்காமல் நான்கு சுற்று ஓடினான். புதன்கிழமை அங்கேதான் அவன் காதிலிருந்து இயர்ஃபோன் விழுந்தது. கடைசிச் சுற்றில், இருக்கட்டுமே என்று, தரையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அடுத்து முள்புதர். இடது பக்கம் இரண்டு முழம் தள்ளி, பெருக்கிவிட்டதுபோல ஒற்றையடிப் பாதை போய்க்கொண்டிருப்பதை மனைவி சுட்டிக்காட்டினாள். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நம்புவதாக இருந்தால் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்டுவிட்டு, கேப்டன் புதருக்குள் புகுந்தார். கோடு புதரைக் கிழித்துக்கொண்டு ஓடி ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் போய் நின்றது. பன்னிரண்டு பேரும் கையும் காலும் சிராய்த்து மேலே ஏறினார்கள். வியூ பாயிண்ட் என்றார் கேப்டன். அங்கிருந்து தெரிந்த ஒரே காட்சி, கீழே படுத்திருந்த ஒரு கறுப்பு நாய். அது தலையைத் தூக்கி, கூட்டத்தில் மச்சினனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

குன்றின் உச்சியைத் தாண்டிய இறக்கத்தில் கோடு பாதையை விட்டு விலகி, இருபதடி உள்ளே ஒரு புதருக்குப் பின்னால் போய் முடிச்சு விழுந்ததுபோல நின்றது. கேப்டனின் முகம் மலர்ந்தது. வாட்சின் பதிவைப் போனில் பார்த்து மனப்பாடம் செய்திருந்த விவரம் ஒன்று கைவசம் இருந்தது.

"புதன்கிழமை இந்த இடத்துல மட்டும் பதினோரு நிமிஷம் நின்னேன். விட்டுட்டு வர மனசே இல்ல. எல்லாரும் வட்டமா நின்னு கண்ண மூடிக்குங்க. ஆழமா மூச்சை இழுத்து, அப்படியே உள்ளுக்குள்ள நிறுத்துங்க."

இழுத்தார்கள். காற்றைப் பற்றி ஓரிருவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் தலைவர் சொல்லியாயிற்று. மனைவியும் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, தம்பி பாதையிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"டேய், நீ ஏன் அங்கயே நிக்கிற?"

"நான் வரலக்கா. நீயும் வந்துடு."

"மாப்ள," என்றார் கேப்டன் கண்ணைத் திறக்காமல், "குழுவோட ஒழுங்கைக் கெடுக்காத."

மச்சினன் மாமாவைப் பார்த்தான். கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் அடுத்த மூச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள்.

"மன்னிச்சிடுங்க மாமா. அக்கா, புதன்கிழமை வாட்ச் என் கையிலதான் இருந்துது. அன்னிக்கு எனக்கு வயிறு சரியில்ல."

அந்தக் குழுவின் சரித்திரத்தில் இருபதடி தூரம் அவ்வளவு வேகமாகக் கடக்கப்பட்டதில்லை. முதல்முறையாகத் தலைவர் முந்தப்பட்டார். கடைசியாக வெளியே வந்தவர் அவர்தான். ஆனாலும் அவர் வாட்ச் அதிர்ந்து, புதிய வேகச் சாதனைக்காக அவருக்கு வாழ்த்துச் சொன்னது.

பாதைக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. நாலு சுற்று எதற்கு என்று ட்ரில் மாஸ்டர் கேட்டார். இயர்ஃபோன் சார் என்றான் மச்சினன். முள்ளில் ஏன் ஓடினாய் என்றார் கேஷியர் அம்மா, முழங்கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியபடி. நாய் என்றான். மொட்டைப் பாறை? அதுவும் நாய்தான். கேப்டன் இடையில் புகுந்து, மேகமூட்டம் இருந்தால் செயற்கைக்கோள் சில சமயம் தவறான தகவல் தரும் என்றார். ஒருவரும் மேகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கினாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். கேப்டனும் போனார். கோட்டை விட்டு விலகிவிட்டதாக வாட்ச் வழிநெடுக அலறிக்கொண்டே வந்தது.

கீழே குழாயடியில் முகம் கழுவிவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப புதன்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையிலதான்."

"கவுண்ட்டர்லயா?"

"ஆமா."

"அப்ப வேலை பழகித்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்குத் திறந்துடுங்க."

வழியெல்லாம் கேப்டன் மேல்முறையீடு செய்துபார்த்தார். தப்பு கோட்டில்தானே, தலைமையில் இல்லையே என்றார். தன்னை நம்பியிருக்கும் ஒன்பது குடும்பங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார். தீர்ப்பு மாறவில்லை.

அடுத்த ஞாயிறு கவுண்ட்டரில் உட்கார்ந்தபோது போனை முழுச் சத்தத்தில் கண்ணெதிரே வைத்துக்கொண்டார். குன்றில் திசை தவறியவர்கள் எந்த நொடியும் அழைக்கக்கூடும். ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் மாட்டும்போதும் ஒரு கண் போனிலேயே இருந்தது. காது இருக்கும் இடத்தைத் தவறவிட்டுக் கன்னத்தில் குத்தினார். பத்தரை மணிக்குப் போன் அடித்தது. கேஷியர் அம்மா. கேப்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பதறாதீங்கம்மா. நின்ன இடத்துலயே நில்லுங்க. சுத்தி என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மா தன் கண்ணாடி தயாரா என்று கேட்டார். ஒன்பது பேரும் எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.