இறங்காத பிரஸ்

முதல் நாள் செல்லி அக்கா பறையை அடித்தபோது இரண்டு குச்சிகளும் ஒன்றாக விழுந்தன. "டம்" என்று ஒரே சத்தம். வலது கையில் இருக்கும் குட்டைக் குச்சி முதலில் விழ வேண்டும். இடது கையில் இருக்கும் நீளமான மூங்கில் குச்சி அதற்குப் பின்னால் வந்து தோலைச் சுண்ட வேண்டும். பயிற்சி கொடுத்த சுவேதா பொறுமையாகத் திரும்பவும் செய்து காட்டினாள். அக்கா நன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் "டம்" என்றுதான் போட்டார். பக்கத்தில் நின்ற நானும் "டம்". மத்திகிரி பள்ளிக்கூட மைதானத்தில் கோடை விடுமுறைக்கு நடந்த நாட்டுப்புறக் கலைப் பயிற்சிக்கு எங்கள் கம்பெனியிலிருந்து போன அத்தனை பெண்களும் அன்று அப்படியேதான் அடித்தோம்.

சுவேதா குருபரப்பள்ளிக்காரி. கல்லூரியில் படிக்கும்போதே பறைக் குழுவில் சேர்ந்தவள். "யக்கா, அதென்ன உங்க எல்லாருக்கும் ஒரே நோவு?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். நான்தான் விளக்கினேன். எங்களுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மெஷினில் இடதும் வலதுமாக இரண்டு பச்சைப் பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கித் தகட்டை வெட்டும். ஒரு கை முந்தினாலும் அது அசையாது. ஷிப்ட் முழுக்க அதையே செய்துவிட்டு நேராக இங்கே வந்து நின்றால் கை பாவம், என்ன செய்யும்?

சுவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் கண்டிப்பில் குறையில்லை. "கை பிரியாதவங்கள கடைசி நாள் பறை வரிசையில நிக்க வெக்க மாட்டன். சலங்க கட்டி ஆடலாம், அவ்ளோதான்." எனக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நான். ஓட்டு வீட்டு வெக்கையில் மின்விசிறியோடு சண்டை போடுவதற்கு மைதானமே மேல் என்று சேர்ந்தவள். செல்லி அக்காவின் முகம்தான் சுண்டிப்போனது.

அக்காவுக்கு அஞ்செட்டிக்கு உள்ளே ஒரு ஊர். அவருடைய வீட்டுக்காரர் சென்றாயன் தப்பட்டை அடிப்பதில் பேர் போனவர்; பறைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பகலெல்லாம் லாரியில் லோடு ஏற்றினாலும் திருவிழா வந்துவிட்டால் தன் தப்பட்டைச் செட்டோடு கிளம்பிவிடுவார். அவருடைய தப்பட்டை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். பெண்கள் அதைத் தொடும் வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்கா அந்தச் சுவரைத் துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்திருக்கிறார். பயிற்சிக்குச் சேர்ந்ததைச் சொன்னபோது வீட்டுக்காரர் தடுக்கவில்லையாம்.

"சிரிச்சாரு, பிரியா" என்றார் அக்கா என்னிடம். "பொம்பள கைக்கு அது நிக்காதுன்னாரு. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பன்."

அதற்குப் பிறகு அக்காவின் கை ஓரிடத்தில் சும்மா இருக்கவில்லை. கேன்டீன் மேசையில் தட்டும், சாப்பாட்டு டப்பா மூடியில் தட்டும். ஒருநாள் டவுன் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டப்போய், இறங்க ஆள் இருக்கிறது என்று டிரைவர் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டார். கண்டக்டர் கேட்ட கேள்விக்கு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, நான்தான் பல்லைக் காட்டிச் சமாளித்தேன். இத்தனை செய்தும் மைதானத்துக்குப் போனால் பழைய "டம்"தான். எனக்கே ஆற்றாமையாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஷிப்ட் நடுவில் அக்காவின் பிரஸ் நின்றுவிட்டது. பட்டனை அமுக்குகிறார், இறங்கவில்லை. மறுபடி அமுக்குகிறார், அப்போதும் இல்லை. வெட்ட வேண்டிய தகடு ஒரு பக்கம் குவிந்துகொண்டே போனது. சூப்பர்வைசர் அசோக்குமார் ஓடிவந்து மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அவர் வந்து அமுக்கினார். தடாலென்று இறங்கியது. "நல்லாத்தான சார் இருக்குது" என்று போய்விட்டார். அக்கா அமுக்கினார். பிரஸ் மேலேயே நின்றது.

அப்போதுதான் நான் மெஷினை விட்டுவிட்டு அக்காவின் கைகளைப் பார்த்தேன். வலது கை விழுந்தது. ஒரு மூச்சு கழித்து, சுண்டிவிட்டாற்போல இடது கை விழுந்தது.

"எக்கா! கை பிரிஞ்சிருச்சுக்கா!"

கத்தியது நான்தான். ஷாப்பே திரும்பிப் பார்த்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் யாருடையதோ போல முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அசோக்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, கோபம் மட்டும் வந்தது. "ஏம்மா, வெளையாட்டா இது?"

"இருங்க சார், இன்னொரு தபா" என்றார் அக்கா. கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாக வைத்து அமுக்கினார். பிரஸ் இறங்கியது. பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "இங்க சேத்து, அங்க பிரிச்சி." அன்று ஷிப்ட் முடிவதற்குள் குவிந்த தகடு முழுவதையும் வெட்டித் தள்ளினார். சாயங்காலம் மைதானத்தில் அதே கைகள் தனித்தனியாகப் பேசின. சுவேதா அக்காவை வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பழகிய கையை மாற்றுவதே பெரும்பாடு. இந்த மனுஷி இரண்டையும் வைத்துக்கொண்டார். என் கை பிரியவேயில்லை. நான் சலங்கை கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிவிட்டுப் போனதில் பறைத் தோலெல்லாம் தொய்ந்துவிட்டது. கம்பெனியிலிருந்து எடுத்து வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்துப் போட்டு, தோலைக் காய்ச்சி இறுக்க சுவேதா நெருப்பு மூட்டினாள். அக்கா தன் பறையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் எழவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சென்றாயன் நிற்பதை அப்போதுதான் பார்த்தோம். அக்காவின் கை குச்சியோடு அப்படியே நின்றது. மறுபடியும் சேர்ந்துகொள்ளுமோ என்று எனக்குப் பகீரென்றது.

அவர் நேராக வந்தார். அக்காவின் கையிலிருந்து பறையை வாங்கி, நெருப்புக்கு முன் குந்தினார். தோலை அனலில் காட்டிச் சுற்றினார். விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார்.

"இன்னும் ஏறல" என்றார்.

திரும்பவும் காட்டினார். அடுத்த தட்டலுக்கு அது கணீரென்றது. எழுந்து வந்து, தன் செட்டு ஆளுக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அக்கா குச்சிகளை இடுப்பில் செருகிவிட்டு வலது கையை நீட்டினார். இடது கை சற்றே பிந்தி வந்தது.