பீச்சாங்கை அரிவாள்

துரு உதிர உதிர ஒவ்வொரு பல்லாக வெளியே வருகிறது, ஜெர்மனியில் ஆற்றங்கரையோரம் ரோமானியப் படைக்கோட்டை ஒன்றின் பாழுங்கிணற்றில் கிடைத்த அரிவாள், கூடவே கலப்பைக் கொழுவும் மண்வெட்டிகளும், வாளும் ஈட்டியும் வருமென்று தோண்டியவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது, சாப்பாடில்லாமல் எந்தப் பட்டாளம் சண்டை போடும் என்று செந்தாமரை மட்டும் சிரித்துக்கொண்டாள், அருங்காட்சியகத்தில் துரு சுரண்டுவது அவள் வேலை, இன்னும் நாலு பல் துலக்கியதும் கை நின்றுவிட்டது, பற்கள் வழக்கத்துக்கு மாறாய் மறுபக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன, பின்னால் வந்து நின்ற தலைவர் டாக்டர் ஹெல்காவும் பார்த்துவிட்டார், கொல்லன் செய்த பிழை, கண்காட்சிக்கு வேண்டாம், கிடங்குக்கு அனுப்பிவிடு என்றார்.

பிழையாம், அவள் கண்முன்னே சொந்த ஊர் நன்னிலத்து வயலில் அறுப்பு வரிசையில் அம்மா காத்தாயி நிற்கிறாள், பீச்சாங்கையில் அரிவாள், பக்கத்து ஆளு மேல பட்டுறப் போவுது, வரப்போரமா போயி நில்லுடி, பொறப்புலயே கோளாறு என்று பண்ணைக் காரியக்காரர் கத்துகிறார், எல்லோரும் சிரிக்க எட்டு வயதுச் செந்தாமரைக்கு அழுகை முட்டுகிறது, அம்மா அழவில்லை, நேரே கொல்லுப்பட்டறைக்குப் போனாள், ஆசாரி, எங்கையில ஒரு கோளாறும் இல்ல, ஒங்க அருவாதான் சோத்தாங்கைக்காரவுங்களுக்குன்னு இருக்கு, பல்ல அந்தப் பக்கமா வெட்டிக் குடுங்க, அப்படி வெட்டி வாங்கிய அரிவாளோடு அன்றைக்கு வரப்போரத்தில் குனிந்தவள் மொத்த வரிசையையும் பின்னால் விட்டுவிட்டு எதிர் வரப்பில் போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள், காரியக்காரர் வாயில் ஈ நுழைவதுகூடத் தெரியாமல் நிற்கிறார், நிற்கட்டும், இந்த அரிவாள் கிடங்குக்குப் போனால் அம்மா மறுபடி ஓரமாய் நிற்க வேண்டும், துரு சுரண்டுகிறவள் பேச்சை யார் கேட்பார்கள், கேட்காவிட்டால் போகட்டும், டாக்டர், இது பிழையில்லை, இடக்கைக்காரருக்குச் செய்தது, உனக்கெப்படித் தெரியும், உறை மாட்டிய இடக்கையில் அரிவாளை எடுத்துக் குனிந்து, இல்லாத கதிரை வலக்கையால் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினாள், பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறது பாருங்கள், பிழையான அரிவாளை வைத்துக்கொண்டு யாராவது இத்தனை காலம் அறுப்பார்களா, ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேய்ந்த பற்களைப் பார்க்கிறார், நாங்கள் இத்தனை பேர் இருந்தும் தோன்றவில்லையே, அட்டையை நீயே எழுது, கண்காட்சியில் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது.

ஓரம் வேண்டாம் டாக்டர், நடுவில் வையுங்கள் என்றாள், தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகம், வைத்தும்விட்டார்கள், அங்கே ஏற்கெனவே இருந்த வாள்களையெல்லாம் தள்ளிவிட்டு நட்டநடுவில், இடக்கைக்காரரின் அரிவாள், நன்றாக உழைத்தது என்று அவள் எழுதிய அட்டையோடு, பெருமை நெஞ்சு கொள்ளவில்லை, கண்ணாடிக்கு உள்ளே பார்க்கப் பார்க்கச் செம்பழுப்பாய் ஒவ்வொரு பல்லாக வெளியே வருகிறது, எதிர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைக் காவியேறிய பல்லெல்லாம் தெரிய அம்மா சிரிக்கிறாள்.