கடைசித் தாளில் ஒரு கட்டம்

சிகாமட் ஆறு வீட்டுக்குள் வந்து போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பின்சுவருக்கு இரண்டு கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, பிரேமலாவும் கணவர் கமலநாதனும் வெள்ள இழப்பீட்டு மனுவோடு மண்டபத்தில் காத்திருந்தார்கள். மனுவை எழுதியது கமலநாதன். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்; எதையும் ஒன்பது முறை சரிபார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கோட்டைவிடுகிற மகராசன். போன வெள்ளத்தில் கையெழுத்துப் போட மறந்தார். மனு திரும்பி வந்தது. திருத்துவதற்குள் கெடு முடிந்தது. இந்த முறையும் அப்படி ஆனால் அடுத்த மழைக்குச் சுவர் நிற்காது.

பிரேமலா பிறந்தது சீனக் குடும்பத்தில். ஆறாவதும் பெண் என்று பெற்றவர்கள் கொடுத்துவிட, எட்டு நாள் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்த தமிழ்த் தம்பதி. அந்தக் காலத்துத் தோட்டங்களில் இப்படி வளர்ந்த பெண்கள் உண்டு. அவளுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சந்தையில் மீன்காரர் இன்றும் அவளிடம் சீனத்தில்தான் விலை சொல்கிறார். ரசம் வைக்கத் தெரியுமா என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்கிறார்கள். அவளுடைய முகத்தை அவள் மறக்க ஊர் விட்டதேயில்லை.

மனு வாங்கும் முகப்பில் உட்கார்ந்திருந்த ஷர்மினி என்ற பெண் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசித் தாளில் நின்றாள். விண்ணப்பித்தவர்கள் என்ன இனம், என்ன வயது என்று கணக்கெடுக்கும் தாள் அது. இருவருக்கும் நேரே 'இந்தியர்' கட்டத்தில் டிக் போட்டிருந்தது. ஷர்மினி பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தாள். பிறகு பிரேமலாவின் முகத்தைப் பார்த்தாள்.

பிரேமலா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

"கண்ண எங்க வச்சிக்கிட்டு எழுதுனீங்க? பத்திரத்துல சீனர்னு கொட்டையா போட்டிருக்கு. இதுக்கும் திருப்பி அனுப்பிட்டா?"

கமலநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். மனிதருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"நம்ம வீட்ல யாரு சீனரு?" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக். மறந்தே போச்சு, பிரேமா."

பிரேமலாவுக்கு வாயில் இருந்த திட்டெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஊரே தினமும் அவளிடம் பார்க்கிற ஒன்றை, கூடவே முப்பத்தாறு வருடம் இருந்தவர் பார்க்காமலே இருந்திருக்கிறார். மனசு நிறைந்து போயிற்று.

ஷர்மினி சிரித்துவிட்டாள். "பயப்படாதீங்க, ஆன்ட்டி. மனு சரியா இருக்கு. இந்தத் தாள் சும்மா புள்ளிவிவரத்துக்குத்தான்லா, தனியா எடுத்துருவோம். நீங்க என்ன சொல்றீங்களோ அதான். மாத்தணும்னா வேற தாள் தரேன்."

"வேணாம்மா," என்றாள் பிரேமலா. "அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு."