நாலாவது கூண்டு

எலிக்கு நெருஞ்சிச் சாறு புகட்டுவதில் தம்பியை அடித்துக்கொள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஊசியைப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாறு குடித்த எலிகள் ஊசிக்குப் பிறகும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. மூன்று கூண்டு எலிகளின் கணக்கோடு கட்டுரை வெளிவந்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போய், "கிட்னிக்கு இதை விட்டா வேற மருந்தே கிடையாதுக்கா" என்று அளந்துவிட்டு வந்தான்.

அக்கா வருடக்கணக்கில் வலி மாத்திரையை விழுங்கிச் சிறுநீரகத்தைப் பாழாக்கிக்கொண்டவள். மூன்று மாதமாக டாக்டர் டயாலிசிஸ் என்கிறார், அவள் நெருஞ்சி என்கிறாள். இன்று காலும் முகமும் வீங்கி, மூச்சு வாங்க வார்டில் படுத்திருக்கிறாள். தலைமாட்டில் ஃபிளாஸ்க் நிறையக் கஷாயம். கையெழுத்துக்குத் தாளை நீட்டிய நர்ஸிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எலியே பொழச்சிருக்கும்மா. நான் பொழைக்க மாட்டேனா? இதோ நிக்கிறானே, என் தம்பி. அவனையே கேளு."

"நீங்களாவது சொல்லுங்க சார். இன்னைக்கே ஆரம்பிக்கலன்னா உயிருக்கே ஆபத்து" என்றாள் நர்ஸ்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இந்த மகராசன் இரண்டையும் ஒருவனாகவே செய்திருந்தான். அவமானம் காதுவரை சுட்டது.

"அக்கா, நாலாவதா ஒரு கூண்டு இருந்துச்சு."

"எது?"

"கிட்னி கெட்டப்புறம் சாறு குடிச்ச எலிங்க. ஆறு."

"அதுங்களுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுகூட தேறலக்கா. கட்டுரைக்கு நல்லா இருக்காதுன்னு அந்தக் கூண்டையே எழுதாம விட்டுட்டேன்."

அக்கா அவனைத் திட்டியிருந்தால் தேவலை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஃபிளாஸ்க்கை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கொட்டிடு. பாத்துக் கொட்டு, வேற யாராவது குடிச்சுத் தொலைக்கப் போறாங்க."

அவன் தலையாட்டினான். நர்ஸ் கட்டிலின் சக்கரத்தை விடுவித்தாள். வாசல்வரை போனதும் அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஏன்டா, அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிச்சிருக்காங்கன்னு சொன்னே?"

போன வாரம் இதே எண்ணை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய்தான். இப்போது ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாலாயிரம் பேரு, அக்கா."