கட்டெலு

ஐந்தரைக்கு எழுந்தான் எத்திராஜ். பல் துலக்கினான். குழாயடியில் இரண்டு குடம் பிடித்துத் தவலையில் ஊற்றினான். கொல்லைக் கல்லடுப்பில் விறகை வைத்துத் தீக்குச்சி கிழித்தான். தினமும் மனைவி வசந்தா செய்கிற வேலை. இன்று வெந்நீர், அவளைக் குளிப்பாட்ட.

"சில்லுத் தண்ணி வேணாம் நைனா. ஜொரத்தோட போன ஒடம்பு" என்று மாமியார் சொல்லியிருந்தாள்.

விறகு பிடிக்கவில்லை. புகைந்தது. நேற்றைய மழையில் சவுக்குக் கட்டு முழுவதும் ஊறியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கோதண்டம் குனிந்து ஊதிப் பார்த்தான். "இன்னா மாமே, லோடு லோடா வெறகு எய்தறே, ஒரு அடுப்பு பத்தவெக்கத் தெர்ல?" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "கிருஷ்ணாயில் கீதா?"

"ரேஷன்ல இன்னும் ஊத்தல."

பட்டாபிராம் ராணுவக் கிடங்கில் எத்திராஜ் குமாஸ்தா. பதிவேட்டில் விறகை ஃபயர்வுட் என்று எழுதுவான். ஹவில்தாரிடம் இந்தியில் லக்டி என்பான்.

மாமியார் கொல்லைக்கு வந்தாள். நகரியிலிருந்து நேற்று வந்து இறங்கியதும், மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்றுதான் கேட்டாள். கட்டில் நனையுதுன்னு சொன்னா என்று சொல்லியிருந்தான்.

"கட்டில தடவிப் பாத்தேன். நனையவே இல்லியே நைனா" என்றாள் இப்போது. அடுப்பைப் பார்த்தாள். ஒரு கட்டையை எடுத்து அழுத்தினாள். நீர் கசிந்தது. தெலுங்கில் சொன்னாள்: "அய்யோ, கட்டெலன்னீ தடிசிபோயினாயே."

"இன்னா சொன்னீங்க அத்தை?"

"வெறகுப்பா. எல்லாம் நனஞ்சிபோச்சி."

"கட்டெலுன்னா வெறகா?"

"ஆமா. ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட சொன்னதில்லியா அவ?"

"எங்கிட்ட தமிழ்லதான் பேசுவா."

கோதண்டம் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடுப்பில் திணித்தான். அது மட்டும் எரிந்து அணைந்தது. எத்திராஜ் இன்னொரு குச்சி கிழித்தான்.

நேற்று மத்தியானம் வசந்தா காய்ச்சல் வேகத்தில் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, "கட்டெலு... தடுஸ்துன்னாயி" என்றாள். சாரல் அடிக்கிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினான். மறுபடியும் "கட்டெலு" என்றாள். கட்டிலோடு அவளைச் சுவரோரம் இழுத்தான். போர்வையைத் தடவிக் காட்டினான்.

"காஞ்சிதாம்மா கீது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"சரி, உடு."